மூன்றாம் கட்டத்து மிருகம்

போன மாதம், இல்லாத ஒரு மிருகத்துக்குத் தீனி போடுவதற்காக, ஓடுகிற பஸ்ஸை நிறுத்தி இறங்கினேன். நாற்பத்தாறு வயது, சர்க்கரைக்குக் காலையிலும் இரவிலும் மாத்திரை, படிக்க ஒரு கண்ணாடி, தூரம் பார்க்க ஒரு கண்ணாடி என்று எல்லாத் தகுதியும் உள்ள மனிதன். என் மகள் பரீட்சைக்குப் போகும்போது, போனில் தான் வளர்க்கும் பிராணியை என் பொறுப்பில் விட்டுப்போயிருந்தாள். நீல நிறம், ஆறு கால், முதுகில் இறகு. மூன்று மணிக்குள் அதற்குப் பழம் கொடுக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளுமாம். பிறகு மூன்று நாளைக்குப் பேசாதாம். எனக்கு வீட்டில் ஏற்கெனவே அப்படி இருவர் உண்டு.

மொரப்பூர் தாண்டியதும் சிக்னல் போய்விட்டது. கண்டக்டரிடம் அவசரம் என்றேன். அவர் என் நரைத்த தலைமுடியைப் பார்த்து அது வேறு அவசரம் என்று முடிவு செய்து, மரியாதையாக ஒரு புளியமரத்தோரம் நிறுத்தச் சொன்னார். பஸ் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, நான் மரத்துக்குப் பின்னால் போகாமல், நடுவெயிலில் போனை வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். பழம் போய்ச் சேர்ந்தது. பஸ்ஸில் திரும்ப ஏறியபோது எனக்குப் பக்கத்து இருக்கைக்காரர் வேறு இடத்துக்குப் போய்விட்டிருந்தார்.

அன்று சாயங்காலம் மகள் கேட்டாள்: "ஏம்ப்பா, இது மாதிரி ஒண்ணு நெஜமாவே இருக்க முடியுமா?"

நாலு புத்தகம் படித்தவனிடம் இப்படிக் கேட்கக் கூடாது. முதுகெலும்புள்ள பிராணிக்கு ஏன் நாலு காலுக்கு மேல் முளைக்காது என்று ஆரம்பித்தேன். இறகு எங்கிருந்து வந்தது என்பதற்கு வந்தபோது அவள் பிராணியைத் தூங்கவைத்துவிட்டுத் தானும் தூங்கிப்போயிருந்தாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. இதே கேள்வி எனக்கு ஒன்பது வயதில் எங்கள் வீட்டில் எழுந்து, சிரிப்பாகி, பிரசங்கமாகி, கடைசியில் பாவசங்கீர்த்தனக் கூண்டு வரை போனது நினைவுக்கு வந்தது. இதை என் மகளின் வயதுக்காரர்களிடம் சொன்னால் நடுவிலேயே போனை எடுத்துவிடுவார்கள். கேசட்டை வாயால் ஊதி ஊதி விளையாடிய தலைமுறையே, உங்களிடம்தான் சொல்ல முடியும்.

ஈஸ்டருக்கும் பள்ளிக்கூடம் திறப்பதற்கும் நடுவே உள்ள காலம் அது. கம்பைநல்லூருக்கும் மொரப்பூருக்கும் இடையே எங்கள் ஊர். மாதா கோயில் பூசைக்குப் போகிற குடியானவர்கள் நாங்கள். எங்கள் கீழ்க்கொல்லை நிலத்தில் நின்றால் கிழக்கே தீர்த்தமலை தெரியும். கொல்லைக்குப் பின்னால் கரடு என்கிற ஒரு பாறைக் குன்று, அதற்குப் பின்னால் காடு. அம்மாவின் தம்பி பெங்களூரில் வேலையில் இருந்தார். ரயிலில் தூங்கி, மொரப்பூரைத் தவறவிட்டு, பொம்மிடியில் இறங்கி, பஸ் மாறி ஒரு மத்தியானம் வந்து சேர்ந்தார். பையில் எங்களுக்காக ஒரு டிவி கேம்.

அட்டைப்பெட்டியில் லட்சம் விளையாட்டு என்று போட்டிருந்தது. உள்ளே ஏழுதான். மற்றதெல்லாம் அந்த ஏழுமே, கால்சட்டை நிறம் மாற்றி வந்தவை. எங்கள் டிவி கறுப்பு வெள்ளை என்பதால் அந்த மோசடியும் எங்களிடம் எடுபடவில்லை.

விளையாட அமர்வது அந்த நாளில் ஒரு குறுங்கலை. கேசட்டை ஊத வேண்டும். எச்சில் படாமல் ஊதுவதுதான் முறை என்று மாமா சொன்னார். அவர் ஊதினால் சாரல் அடித்தது. டிவிக்குப் பின்னால் ஒரு திருகாணியை மயிரிழை அளவு திருப்ப வேண்டும். அடாப்டர் சூடேறி, இஸ்திரி போட்ட நைலான் சட்டை மாதிரி ஒரு வாசனை விடும். மும்முனைக் கரண்ட் வந்து சுற்றிலும் உள்ள கிணற்று மோட்டார்கள் ஓடத் தொடங்கினால், ஸ்டெபிலைசர் முனகும், படம் இரண்டு பக்கமும் சுருங்கிப்போகும். எதிரியும் சுருங்குவான், நாமும் சுருங்குவோம். நியாயமான ஆட்டம்.

அது புளி உடைக்கிற காலம் வேறு. ஊரில் எந்த வாசலிலும் சாக்கு விரித்து, ஓடு தட்டி, கோது எடுத்து, கொட்டை நீக்கிக்கொண்டிருப்பார்கள். எங்களுக்கும் பங்கு உண்டு. அந்தக் கையோடு விளையாட ஓடினால், குதிக்கிற பித்தான் புளியில் ஒட்டிக்கொள்ளும். எங்கள் கதாநாயகன் நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருப்பான். அம்மா கடந்து போகையில் எட்டிப்பார்த்து, "அவனுக்கு என்னடா, வலிப்பா?" என்பாள்.

மூன்றாம் கட்டத்தில் அந்த மிருகம் வரும். தலையிலிருந்து வால்நுனி வரை ஓடு போட்ட கூரை மாதிரிச் செதில். குட்டைக் கால்கள், நீள நகம். நம்மைக் கண்டதும் பந்தாகச் சுருண்டு படிக்கட்டில் உருண்டு வரும். வாயிலிருந்து நீளமாக ஒரு தீக்கோடு விடும். உருட்டான் என்று பேர் வைத்திருந்தோம். நான் ஒவ்வொரு முறையும் அதன் மேல் குதிப்பேன். ஒவ்வொரு முறையும் சாவேன். சாகும்போது வருகிற அந்தப் பாட்டு, எங்கள் தெருவில் நாய்க்குக்கூடப் பாடமாகியிருந்தது.

அக்கா என்னைவிட நாலு வயது பெரியவள். எட்டாவது முடித்திருந்தாள். அவள் மட்டும்தான் மூன்றாம் கட்டத்தைத் தாண்டுவாள். அவள் செய்தது ஒன்றுமே இல்லை, அதுதான் வித்தை. பித்தானிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சும்மா இருப்பாள். உருட்டான் உருண்டு வந்து காலடியில் நிற்கும். கொஞ்ச நேரம் கழித்துச் சுருள் பிரியும். தீக்கோட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நீட்டிப் பார்த்துவிட்டுத் தன் வழியே போய்விடும்.

"அது நம்மள அடிக்க வரலடா. பயந்துக்கிட்டு சுருளுது. நீதான் போய் அது மேல வுழற" என்றாள்.

இப்படி ஒன்று உண்மையில் இருக்குமா என்று நாங்கள் வாதம் செய்தோம். இருக்காது என்பது என் கட்சி; ஏனென்றால் அதற்கு மூன்று உயிர். அக்கா, உயிர் மூன்று நமக்குத்தான், அதற்கு ஒன்றுதான் என்றாள். செதில் மீனிடம் இருக்கிறது, நகம் கரடியிடம் இருக்கிறது, சுருள்வது மரவட்டையிடம் இருக்கிறது. கடவுள் தனித்தனியாகச் செய்ததை ஒரே இடத்தில் சேர்த்துச் செய்திருக்க மாட்டாரா என்பது அவள் கேள்வி. மாமா, பெங்களூரில் இருக்கலாம் என்றார். பெங்களூரில் எல்லாம் இருக்கலாம் என்பது அவர் கொள்கை. அப்பா புளிமூட்டையைத் தைத்தபடியே, அதெல்லாம் சைனாக்காரன் வேலை என்று முடித்துவிட்டார்.

மே மாதத்தில் ஒரு நாள் மும்முனைக் கரண்ட் விடியற்காலையில் வந்தது. மோட்டார் போட அக்காதான் கீழ்க்கொல்லைக்குப் போனாள். அப்பாவுக்குக் காய்ச்சல், மாமாவுக்குத் தூக்கம். போனவள், மோட்டார் சத்தம் கேட்டு வெகு நேரமாகியும் வரவில்லை. வந்தபோது பாவாடையெல்லாம் வாய்க்கால் சேறாக இருந்தது. என்னை மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

உருட்டானைப் பார்த்திருக்கிறாள். கரட்டோரம் ஒரு கரையான் புற்றைப் பிய்த்துக்கொண்டிருந்ததாம். இவள் காலடிச் சத்தத்தில் பந்தாகச் சுருண்டு, சரிவில் உருண்டு, வரப்பில் முட்டி நின்றதாம். இவள் மூன்றாம் கட்டத்தில் செய்வதையே செய்தாள்: சும்மா நின்றாள். வெளிச்சம் வர வர அது சுருள் பிரித்தது. தீ இல்லை, ஆனால் வாயிலிருந்து நீளமாக, மெல்லிசாக, நாடா மாதிரி ஒரு நாக்கு. அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நீட்டிப் பார்த்துவிட்டுக் காட்டுக்குள் போய்விட்டது. வரப்பில் முட்டிய இடத்தில் ஒரு செதில் கிடந்தது. உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். பெரியவர் ஒருவருடைய கட்டைவிரல் நகத்தை இரண்டு மடங்காக்கினால் எப்படியோ, அப்படி. பழுப்பு நிறம், மேலே வரிவரியாகக் கோடு.

நான் உடனே நம்பிவிட்டேன். என் கட்சி தோற்றதில் எனக்கு இருந்த சந்தோஷம் அவளுக்கே இல்லை.

அவள் செய்த ஒரே பிழை, மத்தியானம் வரை பொறுத்து, எல்லோரும் புளி உடைக்கிற வாசலில் வைத்துச் சொன்னது. பத்துப் பேர் இருந்தார்கள். கூடவே, காட்டிலிருந்து இறங்கி மோர் குடிக்க வந்த பாரஸ்ட் வாச்சரும் இருந்தார். நல்ல மனிதர்தான், அம்மாவின் மோருக்காகவே எங்கள் வழியாக இறங்குவார்.

"அப்பா, நம்ம கீழ்க்கொல்லையில உருட்டான் இருக்குதுங்கப்பா. மூணாவது கட்டத்துல வருமே, அதேதான். நெஜமா பாத்தேன்."

புளி தட்டுகிற சத்தம் நின்றது. அத்தனை கட்டையும் ஒரே சமயத்தில் நின்றதை அதற்கு முன்பும் பின்பும் நான் கேட்டதில்லை.

"என்னா பாப்பா இருக்குது?" என்றார் வாச்சர், சொம்பை இறக்காமலே.

அக்கா வாயைத் திறப்பதற்குள் அப்பா சிரித்தார். "அது டிவி கேம்ல வர்ற பொம்மைங்க சார். பொழுதன்னிக்கும் அதயே பாத்துப் பாத்து புள்ளைக்குக் கண்ணுக்குள்ளயே ஓடுது."

பத்துப் பேரும் சிரித்தார்கள். அப்பாவின் அந்த வாக்கியத்தில் அவ்வளவு சிரிப்புக்கு இடமில்லை என்பது எனக்கு அப்போதே லேசாகப் பட்டது. வாச்சரும் சிரித்துவிட்டு, மிச்ச மோரைக் குடித்துவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் அக்கா செதிலை எடுத்துக்கொண்டு வந்து அப்பாவிடம் நீட்டினாள். அப்பா அதை வாங்கிப் பார்த்தார். இது என்ன என்று கேட்கவில்லை. எங்கே கிடைத்தது என்றும் கேட்கவில்லை. வெந்நீர் அடுப்பில் புளி ஓடு எரிந்துகொண்டிருந்தது, அதில் போட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் முடி கருகுகிற நாற்றம் வாசலெங்கும் வந்தது. இல்லாத மிருகத்தை எரித்தால் முடி கருகும் நாற்றம் வரும் என்பது நான் சொந்தமாகக் கற்ற முதல் அறிவியல். அம்மா அக்காவைப் பார்த்து, "கையக் கழுவிட்டு வந்து உக்காரு" என்றாள். கட்டைகள் மறுபடி தட்டத் தொடங்கின.

பொம்மையை நேரில் பார்த்த பெண் என்று அக்காவுக்குப் பேர் நின்றுவிட்டது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் தர்மபுரியில் சிஸ்டர்கள் நடத்துகிற ஹாஸ்டலில் இடம் வேண்டும். இடம் கிடைக்க எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியார் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எட்டாவதோடு நின்ற பெண்கள் எங்கள் தெருவில் வரிசையாக இருந்தார்கள். புளி உடைப்பதில் அவர்களை யாரும் மிஞ்ச முடியாது. அந்த வரிசையில் அக்காவுக்கும் ஒரு சாக்கு விரித்தாகிவிட்டது மாதிரி அம்மா அவ்வப்போது அவளைப் பார்ப்பாள்.

சாமியார் கடலோர ஊர்க்காரர். செதிலைப் பற்றி அவருக்கு உறுதியான கருத்து இருந்தது: செதில் இருந்தால் மீன், மீன் கொல்லையில் நடக்காது. கோயில் வேலை பார்க்கிற உபதேசியார் வழியாகச் சேதி அவர் காதுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் டிவி கேம் வந்தது. பேர் சொல்லாமல்தான் பேசினார். ஆனால் ஊரில் ஒரே ஒரு டிவி கேம்தான் இருந்தது. கோயில் மொத்தமும் திரும்பி எங்களைப் பார்த்தது. மாமா அன்று சாயங்காலமே பெங்களூருக்கு ரயிலேறினார். டிவி கேம் பெட்டி சாமியார் பங்களாவுக்குப் போனது. மெழுகுவத்திக்கும் சாம்பிராணிக்கும் நடுவே ஓர் அலமாரியில் அது உட்கார்ந்திருந்ததை, பூசை உதவிக்குப் போன நான் ஒருமுறை பார்த்தேன். சரீரம் உள்ளே அடங்கிய பிறகும் ஒயர் மட்டும் வெளியே தொங்கியது.

ஹாஸ்டல் விஷயமாக அப்பா அக்காவைக் கூட்டிக்கொண்டு பங்களாவுக்குப் போனபோது நானும் ஒட்டிக்கொண்டேன். சாமியார் கோபக்காரர் இல்லை. பெண் கெட்டிக்காரி, கணக்கில் நூற்றுக்கு நூறு, எல்லாம் தெரியும் என்றார். ஆனால் கதை கட்டுகிற பிள்ளையை நம்பிச் சிஸ்டர்களிடம் எப்படிச் சொல்வது? சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு வரட்டும், பொய் சொன்னதை ஒப்புக்கொள்ளட்டும், அதோடு எல்லாம் முடிந்தது, ஹாஸ்டலுக்குத் தானே பேசுவதாகச் சொன்னார். மலிவான பேரம். அப்பா சரிங்க சாமி என்று சொல்வதற்குள் அக்கா பேசினாள்.

"நான் பொய் சொல்லலைங்க சாமி. சொல்லாத பொய்யச் சொன்னேன்னு சொன்னா, அதுதாங்க பொய். அப்புறம் அந்தப் பொய்க்கு யாருகிட்டங்க பாவசங்கீர்த்தனம் பண்றது?"

சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுக்கும் எங்கிட்டதாம்மா வரணும்" என்றார்.

அந்த வாரம் வீட்டில் ஒருவரும் அக்காவை அடிக்கவில்லை, எல்லோரும் கெஞ்சினார்கள். கெஞ்சல் தாங்குவதுதான் கஷ்டம். அம்மா, ஒரு வார்த்தை, கூண்டுக்குள், இருட்டில், யாருக்குக் கேட்கப்போகிறது என்றாள். ஒப்புக்கொண்டால் தர்மபுரி, மறுத்தால் சாக்கு. அக்கா சாப்பிட்டாள், புளி உடைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். தான் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று மட்டும் சொல்லவில்லை. நானாக இருந்தால் பார்க்காததை எல்லாம்கூடப் பார்த்தேன் என்று சொல்லி, பார்த்ததை எல்லாம் இல்லை என்று சொல்லி, காலை பூசைக்கே ஹாஸ்டலில் இருந்திருப்பேன்.

சனிக்கிழமை வந்தது. ஈஸ்டரை ஒட்டிய பாஸ்காக் கடமைக்குக் கடைசி வாரங்கள். வருஷத்துக்கு ஒரு முறையாவது பாவத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்பதால், ஆண்கள் வேறு வழியில்லாமல் வருகிற காலம். வரிசையில் அக்கா. அவளுக்கு அடுத்து அப்பா. நான் மாதா சுரூபத்துக்குக் கீழே உட்கார்ந்து, கசங்கின மல்லிகை வாசனையில், இரண்டு பேர் முதுகையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, சொல்லவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். போயிற்று தர்மபுரி என்று நான் நினைத்தேன். அவளும் அதைத்தான் நினைத்திருப்பாள். விரல் நகத்தில் ஒட்டியிருந்த புளியைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

அப்பா திரும்பி அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு கூண்டுக்குப் போய் முழந்தாளிட்டார்.

எங்கள் அப்பாவின் பாவங்கள் வழக்கமாகச் சீக்கிரம் முடிந்துவிடுபவை. வரப்பைக் கொஞ்சம் தள்ளி வெட்டியது, மாட்டைத் திட்டியது, அவ்வளவுதான். அன்று முடியவே இல்லை. பின்னால் நின்றவர்கள் காலை மாற்றி மாற்றி நின்றார்கள். ஒருவர், அவ்வளவு பெரிய ஆளா இவர் என்று மரியாதையோடு கழுத்தை நீட்டிப் பார்த்தார். கூண்டுக்குள்ளிருந்து சாமியாரின் குரல் ஒரே ஒரு முறை உயர்ந்தது. கோபம் மாதிரி இல்லை, ஆச்சரியம் மாதிரி இருந்தது. வெளியே வந்த அப்பா, சாமியார் விதித்த பாவத் தீர்வையாக ஒரு முழு ஜெபமாலையும் முழந்தாளில் சொன்னார்.

வீட்டுக்குத் திரும்பும் மேட்டில் அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். பாலத்துக் கட்டை வந்ததும் நிறுத்தினார். முன்னும் பின்னும் பார்த்தார். ஆடுகூட இல்லை.

"அது பேரு அழுங்கு" என்றார்.

நான்தான் கேட்டேன்: "அப்ப நெஜமாவே இருக்குதுங்களாப்பா?"

"இருக்குது. ஆனா இல்ல."

"புரியலைங்கப்பா" என்றாள் அக்கா.

"நமக்கு இருக்குது. யாராச்சும் கேட்டா இல்ல. இருக்குதுன்னு தெரிஞ்சா, செதிலுக்கு ஒருத்தன் வருவான். அவன் பின்னாலயே, செதிலுக்கு யாரு வந்தான்னு கேட்டுக்கிட்டு இன்னும் நாலு பேரு வருவாங்க. ரெண்டு கூட்டமும் மொதல்ல ஏறுறது நம்ம வூட்டு வாசப்படிதான். அதனால ஊருல எல்லாரும் பாத்திருக்கறாங்க. யாரும் பாத்ததில்ல."

அந்த நாட்களில் எங்கள் பக்கத்து மலையோரத்தில், சந்தனக் கட்டையோ யானைக் கொம்போ செதிலோ, 'எங்கே பார்த்தாய்' என்ற ஒரு கேள்வி தொடங்கினால் அது யார் வீட்டில் போய் முடியும் என்று சொல்ல முடியாது. ஆகவே காட்டில் பார்த்ததை வீட்டில் சொல்வதில்லை என்பது ஊர்வழக்கம். வழக்கத்தைப் பெரியவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சிறுவர்களுக்குச் சொல்லித்தர ஒருவருக்கும் தோன்றவில்லை. டிவி பொம்மை என்று சிரித்த பத்துப் பேரும் அழுங்கைப் பார்த்தவர்கள். டிவி பொம்மையைத்தான் பார்த்ததில்லை.

அக்கா விடவில்லை. "அழுங்கு இல்லன்னு சொன்னீங்க, சரிங்கப்பா. நான் பொய் சொன்னேன்னு சொன்னது?"

அப்பா சைக்கிள் மணியைச் சும்மா ஒருமுறை தொட்டார். "அதத்தான் உள்ள சொல்லிட்டு வந்தேன்."

மறுநாள் பூசை முடிந்ததும் சாமியார், பெண் ஹாஸ்டலுக்குப் போகட்டும், சிஸ்டர்களிடம் பேசிவிட்டேன் என்றார். காரணம் சொல்லவில்லை, கூண்டில் கேட்டதை வெளியே சொல்ல அவருக்கு உரிமையும் இல்லை. ஆனால் அதுவரை ரோட்டோரம் சாயங்கால நடை போய்க்கொண்டிருந்தவர், அந்த வாரம் முதல் எங்கள் கீழ்க்கொல்லைப் பக்கம் நடக்கத் தொடங்கினார். பொழுது சாய்ந்த பிறகு, கையில் டார்ச்சுடன், ஒவ்வொரு புற்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டு. அம்மா ஏதாவது தொலைத்துவிட்டீர்களா சாமி என்று கேட்டதற்கு, ஜெபம் செய்கிறேன் என்றார். அவர் பார்த்தாரா என்று தெரியாது. மாற்றலாகிப் போகும்வரை நடையை மாற்றவில்லை என்பது தெரியும்.

ஜூனில் அக்கா தகரப் பெட்டியோடு தர்மபுரிக்குப் போனாள். டிவி கேம் திரும்பி வந்தது, சாம்பிராணி வாசனையோடு. அலமாரி எலி ஒயரைக் கடித்திருந்தது. மாமா சரிசெய்ய எடுத்துப்போனார்; வழியில் எங்கேயோ தூங்கி, ரயிலிலேயே விட்டுவிட்டார். நான் மூன்றாம் கட்டத்தைக் கடைசிவரை தாண்டவே இல்லை.

இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். முழுவதும் கேட்டாள், போனை ஒருமுறைகூட எடுக்கவில்லை. கேட்டுவிட்டு, "அப்ப வாங்க, போய்ப் பாக்கலாம்" என்றாள். போன வாரம் ஊருக்குக் கூட்டிப்போனேன்.

அப்பாவுக்கு எண்பது நெருங்குகிறது. பாதிக் காது. பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து, அழுங்கு இன்னும் இருக்கிறதா தாத்தா என்றாள். இல்லை என்றார் அப்பா, யோசிக்காமல். பிறகு வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, விடியக்காலையில் எழுந்திருப்பாயா என்று கேட்டார்.

மூன்று பேரும் பனியில் போனோம். கிணறு மூடியாகிவிட்டது, போர்வெல் போட்டிருக்கிறது. கரடு மட்டும் அதே இடத்தில் இருந்தது. கரட்டோரம் ஒரு புற்று. பக்கவாட்டில் பிளந்து கிடந்தது. உள்ளே மண் இன்னும் ஈரம். விளிம்பில், மூன்று விரலால் வழித்த மாதிரி ஆழமாகக் கீறல். கரையான்கள் அப்போதுதான் பதறி வெளியே வந்துகொண்டிருந்தன. அந்த விடியலுக்குச் சற்று முன் ஏதோ ஒன்று அங்கே இருந்திருக்கிறது.

நான் சும்மா இருக்க முடியுமா? புத்தகத்தில் எறும்புத்தின்னி என்று பேர், நகத்தின் அமைப்பு, நாக்கின் நீளம், வாயில் பல் கிடையாது, பந்தாகச் சுருண்டால் சிறுத்தையே தோற்கும் என்று மகளுக்கு விளக்கினேன். மூன்றாம் கட்டத்தை வரைந்த எவனோ சொந்தமாக ஒன்றும் கற்பனை செய்யவில்லை, எங்கோ இதைப் பாதி பார்த்துவிட்டுத்தான் மீதியைத் தீயாக வரைந்திருக்கிறான் என்றேன். ஆறு கால் நீலப் பிராணிக்குக்கூட எங்காவது ஒரு கொல்லை இருக்கும், அவசரப்பட்டு இல்லை என்று சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள் என்றேன். அவள் புற்றைப் படமெடுக்கப் போனைத் தூக்கினாள்.

அப்போது வண்டித்தடத்தில் ஒருவர் பைக்கை நிறுத்தினார். செல்போன் டவர் வேலைக்கு வந்தவராம். என்னங்க பாக்கறீங்க என்றார்.

நான் காலையிலிருந்து கத்திக் கேட்ட எதுவும் விழாத அப்பாவின் காதில் அது உடனே விழுந்தது.

"ஒண்ணுமில்லைங்க. ஆடு கெளறினது."

மகள் தாத்தாவைப் பார்த்தாள். பைக்கில் வந்தவரைப் பார்த்தாள். போனை இறக்கித் தோள்பைக்குள் போட்டாள்.

"ஆமாங்க" என்றாள். "ஆடு."

பைக் போய்விட்டது. தீர்த்தமலைக்கு மேலே வெளிச்சம் வந்திருந்தது. அப்பா பேத்தியின் தலையில் கை வைத்தார். ஓர் உயிர் இவ்வளவு காலம் இருப்பதற்கு, மூன்று தலைமுறை அது இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது என்று ஒரு வாக்கியம் மனதுக்குள் தயாராகிவிட்டது. இப்படிப்பட்ட வாக்கியங்களை என்னால் நீண்ட நேரம் உள்ளே வைத்திருக்க முடியாது.

அன்றே அக்காவுக்குப் போன் செய்தேன். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறாள்; இன்னும் பொய் சொல்லப் பழகவில்லை, அவளிடம் மகனின் மார்க் கேட்க வருகிற பெற்றோர் பாவம். புற்று, ஈரம், கீறல், ஆடு, அந்த வாக்கியம் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். முழுவதும் கேட்டாள்.

"அந்தப் புத்துகிட்ட போறப்ப நீ பேசிக்கிட்டே போனியா?"

"கொஞ்சம் வெளக்கிக்கிட்டே போனேன்."

"அதான். அது அங்கதான் எங்கயாச்சும் சுருண்டு கெடந்திருக்கும், நீ எப்ப வாய மூடுவேன்னு" என்றாள் அக்கா. "நீ எப்பவும் மூணாவது கட்டத்துலயே சாவறவன்டா."